இடப்பக்கத்து நாய்

கண்ணாடிப் பெட்டியின் மேல் மூன்று ஹெட்போன்கள்.
மூன்றும் கறுப்பு. மூன்றுக்கும் விலைச்சீட்டு இல்லை.
முகத்தைப் பார்த்த பிறகுதான் விலை பிறக்கும்
நரந்தூல் சந்தையில்,
கஞ்சூரின் கன்டெய்னர் கடையில்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கையுறையைக் கழற்றினால் விரல் என்னுடையதாக இருக்காது.
பேருந்து ஓட்டிச் சேர்த்தது
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் துக்ரிக்.
நிலக்கரிக்கு நாற்பதாயிரம் போக
மீதிதான் என் காதுகளுக்கு.

“இது இருநூற்றைம்பது ஓம், அக்கா.”
மந்திரமோ என்று நினைத்தேன்.
மின்தடையாம்.
எங்கள் மேட்டில் மின்தடை என்றால் வேறு.
என் போனைச் செருகினேன்:
கிணற்றுக்கடியில் யாரோ கொசுவோடு பேசினார்கள்.
“ஆம்ப் ஒன்று சேர்த்து வாங்கினால்...”
வாங்கினால்.

அவனே ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினான்.
குதிரை உதைத்த மாதிரி பேஸ்.
அந்தப் பாட்டுக்கு எந்த ஹெட்போனும் நல்லதுதான்;
தேனில் குழைத்தால் எந்த மருந்து கசக்கும்?

என்னிடம் என் பாட்டு இருந்தது. பாட்டு என்று சொல்வது அதிகம்.
அடுப்பில் கரி கொட்டும் சத்தம்,
அதன் மேல் நான் கட்டிய தாளம்,
மொத்தம் மூன்று நிமிடம் பதினொரு நொடி.
முதல் நிமிடம் முடிந்து பன்னிரண்டாம் நொடியில்
இடப்பக்கம், வெகு தூரத்தில்
ஒரு நாய் குரைக்கும்.
ஒரே ஒரு தடவை.
அந்த நாயைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இரண்டாவது ஹெட்போன் புத்தம் புதிது, மூடிய வகை.
“உள்ளே இருப்பது வெளியே போகாது,
வெளியே இருப்பது உள்ளே வராது.”
கரி மலையாகச் சரிந்தது. அழகுதான்.
மூக்குக்கண்ணாடிக் கம்பியின் இடுக்கில்
பாதி பேஸ் ஒழுகியது.
பன்னிரண்டாம் நொடி வந்தது, போனது.
நாயைப் பனியில் புதைத்துவிட்டார்கள்.

மூன்றாவது பழசு.
யாரோ விற்றது, திறந்த முதுகு,
வலது பஞ்சு கிழிந்து நாக்கு நீட்டியிருந்தது.
போட்டேன்.
கரித் துண்டுகளை எண்ணலாம் போலிருந்தது.
நாய் குரைத்தது.
அதன் சங்கிலிகூட ஒரு முறை இழுபட்டது.
அதற்கும் கீழே,
நான் இதுவரை கேட்டிராத யாரோ ஒருத்தி
மூச்சோடு மூச்சாக முனகிக்கொண்டிருந்தாள்,
சுதி கால் வீசம் இறங்கி.

நான்தான்.
வாளியைக் கவிழ்க்கும்போது பாடியிருக்கிறேன்.

கஞ்சூர் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.
ஒரு லட்சத்து இருபது என்றான்.
கிழிசலைக் காட்டினேன்.
ஒரு லட்சத்துப் பத்து.
கண்ணாடியைத் துடைத்தேன், கையுறையைப் போட்டேன்,
கதவுவரை நடந்தேன்.
தொண்ணூற்றைந்து.

வாங்கிய பிறகுதான் வீடு நினைவுக்கு வந்தது.
எங்களுடையது வட்டமான கூடாரம்;
ஒளிந்துகொள்ள மூலை என்று ஒன்று கிடையாது.
தங்கை சோல்மோன், அவளுடைய எட்டு மாதக் குழந்தை,
நடுவில் அடுப்பு, நான்.
இந்த ஹெட்போனோ ரகசியம் தங்காத வாய்.

கிழிந்த பஞ்சுக்கு ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தேன்.
நாய் நாலடி தள்ளிப் போனது.
பரவாயில்லை. எவ்வளவு தள்ளி என்று தெரிந்துகொண்டேன்.

நள்ளிரவு. சத்தத்தைக் குறைத்து வைத்து
துப்புரவு செய்தேன்:
முனகல் போனது,
வாளியின் கிறீச் போனது,
குரைப்பையும் வெட்டினேன். தாளத்துக்கு இடைஞ்சல்.
குழந்தை அசையவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.
ஒரு நிமிடம் பதினைந்து, பதினாறு...

போர்வைக்குள்ளிருந்து சோல்மோன்:
“அரியூனா,
அங்கே ஒரு நாய் இருந்ததே?”

வெட்டியதைத் திரும்ப ஒட்டும் விசையை
இருட்டில் தடவிக்கொண்டிருந்தேன்.